குலுங்கியது, குலுக்கினாள்

மேசைமேல் சும்மா கிடக்கும் போன்
ஒன்பது புள்ளி எட்டு என்கிறது.
பூமி இழுக்கிறதாம்.
முதலில் அதைக் கழிக்க வேண்டும்,
கழித்தபின் மிஞ்சுவதுதான்
மனுஷக் கை.
அப்படித்தான் எழுதியிருந்தேன் நிரலை.
மூன்று தரம் குலுக்கினால்
அக்காவுக்கோ அறைத்தோழிக்கோ
நிற்கும் இடத்தோடு ஒரு செய்தி போகும்:
எனக்கு உதவி வேண்டும்.

வெளியிட்ட முதல் திங்கட்கிழமை
காலை எட்டிலிருந்து பத்துக்குள்
அறுநூற்றுப் பன்னிரண்டு பேருக்கு உதவி வேண்டியிருந்தது.
வரைபடத்தை விரித்துப் பார்த்தோம்.
மத்திய கைலாஷ், எஸ்.ஆர்.பி. டூல்ஸ், கந்தன்சாவடி,
மெட்ரோவுக்குத் தோண்டிய துரைப்பாக்கம்.
ஆபத்தெல்லாம் வரிசையில் நின்று
பஸ் ஏறியிருந்தது.

“இது பெண்களுக்கான ஆப் இல்லப்பா,
மாநகராட்சிக்குப் பள்ளம் எண்ணித் தர்ற ஆப்”
என்றாள் ஹாஜிரா.
சிரித்தோம்.
பன்னிரண்டாக இருந்த வரம்பைப்
பதினெட்டுக்கு ஏற்றினேன்.

கணினிக்குள் இருக்கும் பொம்மைப் போனுக்குக்
குலுங்க வராது. மெனுவில் ஒரு பொத்தான், அவ்வளவே.
ஆகவே ஷேர் ஆட்டோவில்
மடியில் ஒன்று, டிபன் பையில் ஒன்று,
டைடலிலிருந்து சோழிங்கநல்லூர், மறுபடி டைடல்.
இறங்கி நின்று
ஓங்கி ஓங்கிக் குலுக்கியும் பார்த்தோம்.
“தண்ணி பூந்துடுச்சா? அரிசில போட்டு வைங்க”
என்றார் ஓட்டுநர்.
பள்ளத்துக்கு வாய் திறக்கவில்லை போன்.
கைக்கு மட்டும் கத்தியது.
தனசேகர் குழுவில் கட்டைவிரல் போட்டார்.

பத்தொன்பது நாள் கழித்து
ஒரு நட்சத்திரம்.
‘குலுக்கினேன். எதுவும் போகவில்லை.’
ஆச்சரியக்குறிகூட இல்லை.

பதிவை எடுத்தேன்.
செவ்வாய், இரவு பத்து நாற்பத்தொன்று,
இந்திரா நகர் ரயில் நிலையப் படிக்கட்டு.
திரை பூட்டியிருந்தது, சென்சார் விழித்திருந்தது,
பேட்டரி சேமிப்பு குறுக்கே வரவில்லை.
பழி போட ஒன்றும் கிடைக்கவில்லை.
பதினாறு புள்ளி ஒன்று.
பதினேழு புள்ளி நான்கு.
பதினான்கு.
பதினோரு விநாடி ஒன்றுமில்லை.
பிறகு மறுபடி மூன்று தரம்,
முன்னைவிட மெதுவாக.

நாங்கள் குலுக்கியது உண்டியல் குலுக்கல்.
ஊருக்கே கேட்க வேண்டும் என்று.
இவள்
பைக்குள் கைவிட்டு
மணிக்கட்டை மட்டும் அசைத்திருக்கிறாள்,
பக்கத்துப் படியில் நிற்பவனுக்குத்
தெரிந்துவிடக் கூடாதே என்று.

தன்வினை, பிறவினை.
எட்டாம் வகுப்பில் இரண்டு மதிப்பெண் கேள்வி.
போன் குலுங்கியது.
போனைக் குலுக்கினாள்.
ஒரே ஒரு மெல்லெழுத்து வல்லெழுத்தாக மாறுகிறது,
அதற்குள் ஒருத்தி வந்து நிற்கிறாள்.
நான் அவளைப்
பன்னிரண்டா பதினெட்டா என்று
தேடிக்கொண்டிருந்தேன்.

அன்றிரவு பெருங்குடி அலுவலகத்தில்
ஏசியை அணைத்த பிறகும் உட்கார்ந்திருந்தேன்.
பள்ளம் தூக்கிப் போடும், மேலும் கீழுமாக.
மணிக்கட்டோ பக்கவாட்டில் போய்
போன வழியே திரும்பும், திரும்பும்.
எது மேல், எது கீழ் என்று
போனுக்கு யார் சொல்வது?
கழித்து எறிந்த ஒன்பது புள்ளி எட்டைத்
தேடி எடுத்து வந்தேன்.
அதற்குத்தான் தெரியும் தரை எந்தப் பக்கம் என்று.

புதுப் பதிப்பு போய்விட்டது.
அவளுக்கு எழுதிய மன்னிப்பு போகவில்லை,
ஆப்பை நீக்கிவிட்டிருந்தாள்.

அவள் பதிவின் கடைசிப் பக்கத்தை
இன்னும் மூடாமல் வைத்திருக்கிறேன்.
பத்து ஐம்பத்திரண்டிலிருந்து நடை,
விநாடிக்கு இரண்டு அடி,
ஓரிடத்தில் மூன்று.
பதினொன்று ஆறுக்கு எல்லாம் நிற்கிறது.
ஒன்பது புள்ளி எட்டு.
ஒன்பது புள்ளி எட்டு.
மேசையாக இருக்கும்.
அவள் வீட்டு மேசையாகத்தான்
இருக்க வேண்டும்.